உண்மை சொல்லவும் உடனிருக்கவும் ஒருவர்



புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல நம்மில் பலர் இன்றும் தயங்குகிறோம். அந்த வருத்தம் என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று வைத்தியரை மன்றாடிக் கேட்போம். நோயாளியோ, வீட்டார் மனமுடைந்து போய்விடுவார்கள் என்று அஞ்சி, தெரிந்தும் தெரியாதவர் போல இருப்பார். இரு பக்கத்திலும் இருப்பது அன்புதான். ஆனால் அந்த அன்பின் நடுவே நோயாளி தனித்துப்போகிறார். மருந்து கொடுக்கக் கைகள் பல இருக்கும். மனத்தில் உள்ளதைச் சொல்ல ஒரு செவி இராது.

இவ்வாரம் நாம் நோக்கவிருப்பவர், தம் வாழ்வின் கடைசி எட்டு மாதங்களை இரைப்பைப் புற்றுநோயோடு கழித்தவர். உலகத்தின் கண்கள் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு மாளிகையில் அவர் வாழ்ந்தார். பாப்பரசர் 23ஆம் அருளப்பர் என்றதும் இரண்டாம் வத்திக்கான் சங்கமே நம் நினைவுக்கு வரும். அச்சங்கத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். அதைக் கூட்டிய மனிதர் தம் நோயை எவ்வாறு தாங்கினார், யாருடைய தோளில் சாய்ந்து தாங்கினார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1881 நவம்பர் 25ஆம் திகதி, வட இத்தாலியில் பெர்கமோ நகருக்கு அண்மையிலுள்ள சொத்தோ இல் மொந்தே என்னும் சிற்றூரில் அஞ்செலோ யோசேப்பு ரொன்கல்லி பிறந்தார். பெற்றோர் பிறருடைய நிலத்தை வாரத்துக்குப் பயிரிட்ட ஏழைக் குடியானவர்கள். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் இவர் நான்காமவர். ஒரே கூரையின் கீழ் உறவினர் பலர் கூடி வாழ்ந்த குடும்பம் அது. தனிமை என்றால் என்னவென்று அறியாத அந்தக் குழந்தைப் பருவம் அவரைக் கடைசிவரை விட்டு நீங்கவில்லை. 1904 ஓகஸ்ட் 10ஆம் திகதி உரோமையில் குருவாக அபிஷேகம் பெற்றார்.

மறுவருடமே பெர்கமோ மறைமாவட்டத்தின் புதிய ஆயரான ரதீனி தெதெஸ்கி இளங்குரு ரொன்கல்லியைத் தமது செயலாளராக அழைத்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் ஆயரின் நிழலாகவே அவர் வாழ்ந்தார். தொழிலாளர் பக்கம் நின்ற ஆயர் அவர்; அதற்காகப் பலரின் பகையையும் தேடிக்கொண்டவர். அவரிடமே ரொன்கல்லி ஆயத்துவப் பணியைக் கற்றார். மகனொருவன் தந்தையை நேசிப்பதுபோல அவரை நேசித்தார்.

1914ஆம் ஆண்டில் அந்த ஆயரைப் புற்றுநோய் வீழ்த்தியது. ஐரோப்பாவெங்கும் முதலாம் உலகப் போர் மூண்டுவிட்ட நாள்கள் அவை. பாப்பரசர் 10ஆம் பத்திநாதர் ஓகஸ்ட் 20ஆம் திகதி இறந்தார். இரண்டு நாள்களின் பின்னர், ஓகஸ்ட் 22ஆம் திகதி, ஆயர் ரதீனியும் கண்மூடினார். அப்போது அவருக்கு வயது 57. கட்டிலருகே 32 வயதான செயலாளர் இருந்தார். ஆயரின் வேளை நெருங்கியதும், அதை மறைத்து ஆறுதல் வார்த்தைகளால் மூடிவிடாமல், அவருக்கு உணர்த்தி, அவரோடு சேர்ந்து செபித்து, இறுதி மூச்சுவரை விலகாதிருந்தவர் அவர்தான். பின்னர் 1916இல் தம் ஆயரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி நூலாகவும் வெளியிட்டார்.

வாசகர்களே, அந்தக் கட்டிலருகே நின்ற இளைஞரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவர் அங்கு செய்த பணி, 49 ஆண்டுகள் கழித்து வேறொரு கட்டிலருகே அவருக்கே திரும்பி வரவிருக்கிறது.

இடையில் கழிந்த ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். போர்க்காலத்தில் முதலில் இராணுவ மருத்துவப் பிரிவில் சார்ஜன்டாகவும், பின்பு பெர்கமோவின் இராணுவ வைத்தியசாலைகளில் ஆன்ம குருவாகவும் பணியாற்றினார். 1925இல் பல்கேரியாவுக்கு, 1935இல் துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும், 1944இன் இறுதியில் பிரான்சுக்கு எனத் திருச்சபையின் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். ஏறத்தாழ 28 ஆண்டுகள் அந்நிய மண்ணில் கழிந்தன. ஊர் நினைவு அவரை வாட்டியது. வீட்டாருக்கு அவர் எழுதிய கடிதங்களுள் 700க்கும் மேற்பட்டவை பிற்காலத்தில் நூலாக்கப்பட்டுள்ளன. மாடு கன்று, விளைச்சல், நோய் நொடி, பிறப்பு இறப்பு எல்லாம் அவற்றில் உண்டு. தூரத்திலிருந்தபடியே உறவைப் பேண வேண்டிய நிலை எமது மக்களுக்குப் புதிதல்லவே. அந்தக் கடிதங்களின் அருமை நமக்கு நன்றாகவே விளங்கும்.

1953இல் கர்தினாலாகி, வெனிஸ் நகரின் பிதாப்பிதாவாக இத்தாலிக்குத் திரும்பினார். அந்த ஆண்டு நவம்பரிலேயே சகோதரி அஞ்சில்லா புற்றுநோய்க்குப் பலியானார். ஆண்டுக்கணக்காக ரொன்கல்லியின் வீட்டுப் பணிகளைக் கவனித்துவந்த சகோதரிமாரில் ஒருவர் அவர். ஆயரின் கட்டிலில் முன்னர் கண்ட நோய், இப்போது சொந்த இரத்தத்திலும் வந்து நின்றது. அதே வெனிஸ் நகரில்தான் லொறிஸ் கப்போவில்லா என்ற இளங்குரு அவருக்குச் செயலாளராக வந்து சேர்ந்தார்.

1958 ஒக்டோபர் 28ஆம் திகதி ரொன்கல்லி பாப்பரசராகத் தெரிவானார். 77 வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர் நெடுங்காலம் இருக்கமாட்டார் என்றே பலரும் நினைத்தார்கள். பாப்பரசர் தனித்திருந்து உணவருந்துவது அக்கால வழக்கம். அவரால் அது முடியவில்லை. விரைவிலேயே விருந்தினரோடும் செயலாளரோடும் சேர்ந்து உண்ணத் தொடங்கினார். இதைச் சிலர் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. தமக்கு மனிதர் தேவை என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட ஒரு மனிதரை நான் அதில் காண்கிறேன். அந்த ஆண்டு நத்தார் தினத்தன்று உரோமையின் சிறுவர் வைத்தியசாலைக்குச் சென்று நோயுற்ற பிள்ளைகளைக் கண்டார். மறுநாள் சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் கண்டார்.

இனி 1962ஆம் ஆண்டுக்கு வருவோம். செப்டெம்பர் மாதத்தில் பாப்பரசருக்கு வயிற்றுக் கோளாறு அதிகமாயிற்று. 23ஆம் திகதி, அது இரைப்பையில் உண்டான புற்றுநோய் என்பது தெரியவந்தது. வயதையும் நோயின் நிலையையும் எண்ணிச் சத்திரசிகிச்சை செய்யப்படவில்லை. சங்கம் ஆரம்பமாவதற்கு மூன்று வாரங்கூட இல்லை. உலகெங்கிலுமிருந்து ஆயர்கள் உரோமைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். ஒக்டோபர் 4ஆம் திகதி அவர் புகையிரதத்தில் லொரேற்றோ மாதா திருத்தலத்துக்கும் அசிசிக்கும் யாத்திரை சென்றார். வழிநெடுகிலும் மக்கள் திரண்டு கையசைத்தார்கள். 11ஆம் திகதி சங்கத்தை ஆரம்பித்துவைத்தார். அன்றிரவு தீப்பந்தங்களோடு இராயப்பர் சதுக்கத்தில் கூடிய மக்களுக்கு ஜன்னலருகே நின்று, நிலவைச் சுட்டிக்காட்டி, முன்கூட்டி எழுதிவைக்காத சிறிய உரையொன்றை ஆற்றினார். வீடு திரும்பியதும் பிள்ளைகளைத் தழுவி, இது பாப்பரசரின் அன்பு என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டார். கண்ணீர் துடைக்கப்பட வேண்டியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஓர் ஆறுதல் சொல் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டார். அதைப் பேசியவரின் நோய் கண்டறியப்பட்டு அன்றோடு 18 நாள்களே ஆகியிருந்தன. கீழே நின்றவர்களுக்கு அது தெரியாது.

அந்த மாதத்திலேயே கியூபா விவகாரத்தால் உலகம் அணுவாயுதப் போரின் விளிம்பில் நின்றது. 25ஆம் திகதி வானொலி வழியாகச் சமாதானத்துக்காக வேண்டுகோள் விடுத்தார். நவம்பர் 27ஆம் திகதி கடுமையான இரத்தப்போக்கு ஏற்பட்டுப் படுக்கையில் விழுந்தார். இரத்தச்சோகை, இரைப்பைக் கோளாறு என்றே வெளியே சொல்லப்பட்டது. டிசெம்பர் 8ஆம் திகதி சங்கத்தின் முதல் அமர்வை முடித்துவைக்க எழுந்து வந்தபோது ஆயர்கள் கண்டது மெலிந்து வெளிறிய ஒரு முகத்தை.

நோயோடு வாழ்ந்த அந்த மாதங்களில் அவர் செய்தவற்றைப் பட்டியலிட்டு, பாருங்கள், நோயாளி என்றால் இவரைப் போல இருக்க வேண்டும் என்று சொல்ல நான் விரும்பவில்லை. சிகிச்சையின் களைப்பால் கட்டிலைவிட்டு எழும்பக்கூட முடியாதவர்களுக்கு அந்தப் பேச்சு இன்னுமொரு பாரமே. அவரிடம் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மனிதர்களைத் தம்மிடம் வரவிட்டார். 1963 மார்ச் 7ஆம் திகதி சோவியத் தலைவர் குருஷேவின் மகளும் மருமகனும் அவரைச் சந்தித்தபோது, அந்தத் தாயின் வாயால் அவளுடைய பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு மகிழ்ந்தார். ஒரு பிள்ளையின் பெயர் இவான். அது அருளப்பர் என்னும் பெயரின் ரஷ்ய வடிவம். ஏப்ரல் 11ஆம் திகதி, சமாதானத்தைப் பற்றிய சுற்றுமடலான பாச்செம் இன் தெறிஸ் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஆயர் ரதீனியும் சமாதானத்துக்காக வேண்டியபடியேதான் உயிர்விட்டார். அதை உடனிருந்து கேட்டவர் மறந்திருப்பாரா?

தம் நோயைப் பற்றிப் பகிடியாகப் பேசவும் அவரால் முடிந்தது; பயணப் பெட்டிகளைக் கட்டிவைத்துவிட்டதாகச் சொல்லுவார். சிறுவனாகக் குருமடத்தில் இருந்த காலந்தொட்டு ஆன்மிக நாட்குறிப்பு எழுதிவந்தவர், தம் அச்சங்களையும் குறைகளையும் இறைவன் முன்னிலையில் எழுத்தில் இறக்கிவைக்கப் பழகியிருந்தார். படுக்கையிலிருந்து கண் திறந்தால் தெரியும்படி எதிரே ஒரு பாடுபட்ட சுரூபத்தை வைத்திருந்தார். காலையில் முதலில் காண்பதும் இரவில் கடைசியாகக் காண்பதும் அதுவாக இருக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம்.

ஆயினும் செபம் இருக்கிறதே, மனிதர் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. ஆண்டவர் இயேசுவே அப்படி நினைக்கவில்லை என்பதை நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். கெத்செமனித் தோட்டத்தில் பிதாவிடம் செபிக்கச் சென்றவர், மூன்று சீடர்களையும் கூட அழைத்துச் சென்று, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் உறங்கியது அவருக்கு வலித்தது. மரணத்துக்கு முந்திய இரவில் இறைமகனுக்கே உடன் விழித்திருக்க ஆள் வேண்டியிருந்தது என்றால், வைத்தியசாலை முடிவுக் கடதாசியைக் கையில் பிடித்தபடி இரவில் விழித்திருக்கும் ஒரு தாய், தனக்கு யாராவது வேண்டும் என்று ஏங்குவது விசுவாசக் குறைவாகுமா?

பாப்பரசருக்கும் கப்போவில்லாவுக்கும் இடையே முன்னரே ஓர் உடன்பாடு இருந்தது. வேளை வரும்போது அதைத் தம்மிடம் ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஆயர் ரதீனிக்குத் தாம் செய்ததைத் தமக்குச் செயலாளர் செய்யவேண்டும். இதை அவர் வைத்தியரிடமோ கர்தினால்மாரிடமோ ஒப்படைக்கவில்லை. நாள்தோறும் தம்மோடு செபித்து, ஒரே மேசையில் உண்டு, தம் களைப்பையும் கோபத்தையும் அறிந்திருந்த ஒருவரிடமே ஒப்படைத்தார்.

உங்களில் யாரேனும் இந்நோயோடு இப்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒரு கேள்வி. அப்படியொருவரை நீங்கள் தெரிந்துகொண்டுவிட்டீர்களா? அவர் மனைவியாகவோ மகனாகவோதான் இருக்கவேண்டும் என்பதில்லை. சில வேளைகளில் மிக நெருங்கியவர்களால் அதைத் தாங்க முடிவதில்லை. ஒரு பழைய தோழி, பங்குக் குரு, அதே நோயைக் கடந்து வந்த அயல்வீட்டு அக்கா என யாராகவும் இருக்கலாம். ஆனால் அவர் தாமாக வரும்வரை காத்திராமல் வாய்திறந்து கேட்டுவிடுங்கள். பாப்பரசரும் கேட்டுத்தான் பெற்றுக்கொண்டார்.

மே மாதம் வேதனையின் மாதமாயிற்று. 11ஆம் திகதி சமாதானப் பரிசொன்றின் நிமித்தம் இத்தாலிய ஜனாதிபதி மாளிகைக்குச் சென்றார். 23ஆம் திகதி, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழாவன்று, நண்பகல் செபத்துக்காக ஜன்னலருகே வந்து நின்றார். மக்கள் அவரை அங்கு கண்டது அதுவே கடைசித் தடவை. அதன் பின்னர் இரைப்பையில் துளை விழுந்து, வயிற்றறை எங்கும் அழற்சி பரவியது.

மே 31, வெள்ளிக்கிழமை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்தியர்கள் முடிவு சொன்னார்கள். கப்போவில்லா அறைக்குள் வந்து கட்டிலருகே முழந்தாளிட்டார். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வந்திருப்பதாகவும், ஆயர் ரதீனிக்கு அவர் செய்ததை இப்போது தாம் அவருக்குச் செய்யவேண்டியிருப்பதாகவும், ஆண்டவர் அழைக்கும் வேளை வந்துவிட்டதாகவும் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பாப்பரசர் கலங்கவில்லை. வைத்தியர்களின் முடிவைக் கேட்டறிந்தார். பின்னர் நோயாளியே, அழுதுகொண்டிருந்த செயலாளரைத் தேற்றத் தொடங்கினார். ஆயர் ஒருவர் எப்படிச் சாகவேண்டுமோ அப்படிச் சாவதற்குத் தமக்கு உதவும்படி கேட்டார்.

உண்மை சொல்லப்பட்டதால் அந்த அறையில் நிகழ முடிந்தவற்றைப் பாருங்கள். பாவசங்கீர்த்தனம் செய்தார். நற்கருணை உட்கொண்டார். நோயிற்பூசுதல் வழங்க வந்த ஆயர் வான் லியேர்டேக்குக் கை நடுங்கியது. கண், செவி, மூக்கு, வாய், கை, கால் என்று அந்நாளில் வரிசையாகப் பூசவேண்டும். துக்கத்தால் அவருக்கு வரிசை தடுமாறியது. சாகக் கிடந்தவர் மெதுவாக அதைத் திருத்திக்கொடுத்தார். எதிரே இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டி, தமது பணியின் இரகசியம் அதில்தான் இருக்கிறது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். கர்தினால்மார் முதல் வீட்டுப் பணியாளர்வரை பலரிடமும் விடைபெற்றார். கப்போவில்லாவிடம், எல்லாம் முடிந்த பின்பு சற்று ஓய்வெடுத்து, தாயைப் போய்ப் பார்க்கும்படி சொன்னார். தம்மைப் பராமரித்ததால் அந்த மகன் தன் தாயிடம் போக முடியாதிருந்ததை அவர் கவனித்திருந்தார். நோயாளியைப் பராமரிப்பவருக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

மிலான் பேராயர் கர்தினால் மொன்டினியோடு விமானத்தில், சகோதரர் மூவரும் சகோதரி அசுந்தாவும் வந்து சேர்ந்தார்கள். சவேரியோ, அல்பிரேதோ, ஜுசெப்பே மூவரும் சொத்தோ இல் மொந்தேயின் வயல்களில் உழைத்த முதியவர்கள். அண்ணன் பாப்பரசர் ஆகிவிட்டார் என்பதற்காகத் தங்கள் உழைப்பைக் கைவிடாதவர்கள். மயக்கத்துக்கும் தெளிவுக்கும் இடையே நழுவிக்கொண்டிருந்தவர், அவர்களை அடையாளங்கண்டு பேசினார். வத்திக்கானின் அந்த அறை சிறிது நேரம் சொத்தோ இல் மொந்தேயின் வீடாக மாறியது.

வெளியே சதுக்கத்தில் இரவும் பகலும் மக்கள் நின்றார்கள். நோயின் பெயர் இப்போது உலகறிந்த செய்தி. மரணத்துக்கு முந்திய இரவில் உரோமையின் யூத மதகுரு எலியோ தோவாவ் தம் மக்களோடு சதுக்கத்துக்கு வந்து செபித்தார். ஒரு வருடத்துக்கு முன், செபக்கூடத்திலிருந்து வெளிவந்த யூதர்களைக் கண்டு தமது காரை நிறுத்தி ஆசீர்வதித்தவர் அந்தப் பாப்பரசர். இப்போது பதிலுக்கு அவர்கள் வந்து நின்றார்கள்.

ஜூன் 3, திங்கட்கிழமை மாலை. அவருக்காகச் சதுக்கத்தில் திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அதன் இறுதிச் செபங்கள் திறந்திருந்த ஜன்னலூடாக அறைக்குள் கேட்டுக்கொண்டிருந்தன. திருப்பலி முடிந்த சற்று நேரத்தில், 7.49 மணிக்கு அவருடைய மூச்சு நின்றது. வயது 81. செயலாளரும் சகோதரர்களும் அறையில் முழந்தாளிட்டிருந்தார்கள். 2000 செப்டெம்பர் 3ஆம் திகதி முத்திப்பேறு பெற்றவராகவும், 2014 ஏப்ரல் 27ஆம் திகதி புனிதராகவும் அவர் உயர்த்தப்பட்டார்.

கப்போவில்லா அதன்பின் நெடுங்காலம் வாழ்ந்தார். பாப்பரசர் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளை 1964இல் நூலாக வெளிக்கொணர்ந்தார். பேராயராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றதும், சொத்தோ இல் மொந்தேக்கே சென்று, ரொன்கல்லி ஒருகாலத்தில் விடுமுறைக்கு வந்து தங்கிய வீட்டில் குடியேறினார். அங்கு வருவோரிடம் அந்தக் கடைசி நாள்களைப் பற்றி ஆண்டாண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 2014இல், 98ஆவது வயதில், அவர் கர்தினாலாக்கப்பட்டார். உரோமைக்குப் பயணம் செய்ய உடல்நிலை இடங்கொடாததால், கர்தினாலுக்குரிய சிவப்புத் தொப்பி அந்தக் கிராமத்துக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. 2016 மே 26ஆம் திகதி அவர் இறந்தபோது அவருக்கு வயது 100.